சூளையைச் சுற்றி எத்தனை பேர்?

புகைபோக்கி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று கணக்கிட நம்மிடம் ஒரு சூத்திரம் இருக்கிறது. மணிக்கு எத்தனை கிலோ கந்தக டை ஆக்சைடு வெளியேறுகிறது என்பது அதில் உண்டு. அந்தப் புகைபோக்கியைச் சுற்றி எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதற்கு அதில் இடமில்லை. விருத்தாசலத்தில் சூளை நடத்துகிறவர்களும் சூளையில் வேலை பார்க்கிறவர்களும் விடுபட்டுப்போன இந்த எண்ணைக் கையில் எடுக்க வேண்டிய நேரம் இது.

பக்கத்திலேயே நெய்வேலிக் களிமண் கிடைப்பதால் இந்த ஊரில் இன்சுலேட்டர், ஃபியூஸ் கேரியர், ஜாடி, பொம்மை என்று பீங்கான் தொழில் வேர்விட்டது. 2011 கணக்கெடுப்பில் நகராட்சியின் மக்கள்தொகை 73 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. தொழிற்பேட்டை எந்த ஊரில் இருந்தாலும் நாளடைவில் அதன் மதிலை ஒட்டி மனை விற்பனையாகும், வீடு எழும்பும், பள்ளிக்கூடம் வரும். சூளை கக்கும் புகை அதே அளவுதான். அதை உள்ளிழுப்பவர்களின் எண்ணிக்கைதான் கூடிப்போகிறது.

மக்கள் அடர்த்திக்கும் காற்று மாசுக்கும் உள்ள உறவை அமெரிக்க நகரங்களில் ஆராய்ந்த கரோட்ஸி, ராத் இருவரும் கண்ட நெகிழ்ச்சி எண் 0.13. அடர்த்தி இரட்டித்தால் நுண்துகள் செறிவு ஏறத்தாழ 9 சதவீதம் உயரும் என்று இதற்குப் பொருள். கேட்க ஆறுதலாகத்தான் இருக்கும். நெருக்கமான ஊரில் வண்டி ஓடும் தூரம் குறைவதால் செறிவு அதே வேகத்தில் ஏறுவதில்லை. ஆனால் அந்த 9 சதவீதம் கூடிய மாசை இரண்டு மடங்கு பேர் சுவாசிக்கிறார்கள். பெருக்கிப் பாருங்கள், அதே பரப்பில் வாழும் மக்கள் உள்வாங்கும் மொத்த மாசு 2.2 மடங்கு ஆகிவிடும்.

வெளியேறும் மாசில் எவ்வளவு பங்கு மனித நுரையீரலுக்குள் போகிறது என்பதை அளப்பதே நமக்கு உதவும் கணக்கு. ஆய்வாளர் ஆப்டேயின் குழுவினர் 2012இல் உலகின் 3,646 நகரங்களுக்கு இதைக் கணக்கிட்டார்கள். வாகனம் போல ஊர் முழுக்கப் பரவிக் கிடக்கும் மூலங்களுக்குச் சராசரி, பத்து லட்சத்தில் 39 பங்கு. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரங்களை மட்டுமே அவர்கள் எடுத்துக்கொண்டதால், 2011இன் கணக்குப்படி விருத்தாசலம் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் நிற்கும். 2019இல் தொடங்கிய தேசியத் தூய காற்றுத் திட்டத்திலும் தமிழகத்திலிருந்து சென்னை, மதுரை, திருச்சி, தூத்துக்குடி மட்டுமே இடம்பெற்றன. சிறு நகரங்களின் காற்றை யாரும் நமக்காக அளந்து தரப்போவதில்லை.

சூளை மூட்டும் நேரத்துக்கு வருவோம். விறகானாலும் நிலக்கரியானாலும் எண்ணெயானாலும் குளிர்ந்த அடுப்பில் எரிபொருள் முழுதாக எரியாது. கரும்புகை வருவது அப்போதுதான். புகைபோக்கிக்குள் வாயு இன்னும் சூடேறாததால் இழுப்பும் குறைவு, மேலெழும் விசையும் குறைவு. மிக அழுக்கான புகை மிகத் தாழ்வாக வெளியேறும் கட்டம் இது. மார்கழி, தை மாதங்களில் மாலையில் மூட்டினால் இந்தக் கட்டம் இரவுக் காற்றோடு சேர்ந்துகொள்கிறது. தரை குளிர்ந்து, குளிர்ந்த காற்று அடியிலும் வெதுவெதுப்பான காற்று மேலேயுமாக நின்றுவிடும். அதை மீறிப் புகை ஏறாது. வெயில் வந்து தரை சூடேறும் வரை அடுத்த தெருவின் வீடுகளுக்குள்ளேயே அது தங்கிவிடுகிறது. காலை பத்து மணிக்கு மேல் மூட்டி, அடுப்பு நன்றாகச் சூடேறிய பிறகு இரவுக்குள் நுழைந்தால் அதே விறகு செய்யும் தீங்கு கணிசமாகக் குறையும். இதற்குச் செலவில்லை, ஷிப்டை மாற்றினால் போதும். ஷிப்டை மாற்றுவது லேசான காரியமல்ல என்பதும் நமக்குத் தெரிந்ததே.

எரிபொருளை மாற்றியே ஆகவேண்டிய நாளும் வரும். குஜராத்தின் மோர்பியில் நிலக்கரி வாயு உலைகளை மூடச் சொல்லி 2019 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட, ஆலைகள் அவசர அவசரமாக இயற்கை எரிவாயுவுக்கு மாறின. இங்கிலாந்தின் ஸ்டோக் நகரில் ஒரு காலத்தில் 2000 எண்ணிக்கை வரை இருந்த புட்டி வடிவச் சூளைகளை ஒட்டியே தொழிலாளர் வீடுகள் வரிசையாக நின்றன. 1956இன் தூய காற்றுச் சட்டத்துக்குப் பிறகு அந்தச் சூளைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. நினைவுக்காகக் கடைசியாக ஒன்றை மூட்டியது 1978இல். சட்டம் வந்து கதவைத் தட்டும் முன்பே கூட்டாக எரிவாயு வாங்கவும் பொதுச் சூளை அமைக்கவும் திட்டமிட விருத்தாசலத்துக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது. எரிவாயுவுக்கு மாறினாலும் களிமண்ணிலிருந்து கிளம்பும் ஃபுளோரைடு நிற்காது என்பதையும் அந்தத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சூளைகளை ஊருக்கு வெளியே அனுப்பிவிடலாம் என்ற யோசனையை நாம் ஏற்கவில்லை. பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்கு இடமாற்றம் என்பது மூடுவிழாதான். போன இடத்தைச் சுற்றியும் பத்தாண்டில் வீடு முளைக்கும்.

ஊரிலேயே பீங்கான் தொழில்நுட்பப் பட்டயப் படிப்பு நடத்தும் அரசுக் கல்வி நிலையம் இருக்கிறது. விலை குறைந்த நுண்துகள் உணரிகளைத் தொழிற்பேட்டை மதிலில் ஒன்று, நூறு மீட்டரில் ஒன்று, ஐந்நூறு மீட்டரில் ஒன்று என்று மாட்டி, சூளை மூட்டிய நேரத்தோடு ஒப்பிட மாணவர்களின் ஒரு பருவம் போதும். ஐந்நூறு மீட்டருக்குள் உள்ள வீடுகளையும் வகுப்பறைகளையும் அவர்களே எண்ணிவிடலாம். மூட்டும் நேரம், எரிபொருள் எடை, கரும்புகை நின்ற நேரம் ஆகிய மூன்றையும் சூளைக்காரர்கள் ஒரு நோட்டில் குறித்து வரட்டும். இந்த மார்கழிக்குள் ஆரம்பித்தால், தை முடியும்போது விருத்தாசலத்துக்கென்று முதல் கணக்கு நம் கையில் இருக்கும்.