மன்னிப்பு யாருக்கு?

அமெரிக்க சர்க்கார் தன் சொந்தப் பிரஜைகளையே வேவு பார்த்து வந்த இரகசியத்தை 2013-ம் வருஷம் ஜூன் மாதத்தில் உலகறியச் செய்தவர் எட்வர்ட் ஸ்நோடன். கோடிக்கணக்கான மக்கள் யாருடன், எப்பொழுது, எவ்வளவு நேரம் டெலிபோனில் பேசினர் என்ற விவரங்களைத் தேசியப் பாதுகாப்பு ஏஜன்ஸி நாள்தோறும் திரட்டி வந்தது. அதே வருஷம் மார்ச் மாதத்தில் செனட் சபையார் இதைப்பற்றி வினவியபோது, உளவு இலாகாக்களின் தலைவர் ஜேம்ஸ் கிளாப்பர் 'இல்லை' என்றே விடையளித்திருந்தார். பிழையான விடை அளித்தவர் 2017 வரை பதவியில் நீடித்தார். உண்மையை வெளியிட்டவர் நாடிழந்து ருஷ்யாவில் அடைக்கலம் புகுந்தார்.

அவ்விதம் விவரம் திரட்டச் சட்டம் இடந்தரவில்லை என்று 2015 மே மாதத்தில் சமஷ்டி அப்பீல் நியாயஸ்தலம் தீர்ப்பளித்தது. மறுமாதமே அமெரிக்கக் காங்கிரஸ் அம்முறைக்கு முடிவு கட்டச் சட்டம் செய்தது. ஆயினும், அதை அம்பலப்படுத்தியவர்மீது 1917-ம் வருஷத்து வேவுச் சட்டத்தின்கீழ் சாட்டிய குற்றங்கள் ரத்தாகவில்லை.

'நாடு திரும்பி விசாரணைக்கு உட்படட்டும்' என்பர் சிலர். பொது நன்மைக்காகவே வெளியிட்டேன் என்று ஜூரிகளிடம் வாதாட அச்சட்டம் வழி வைக்கவில்லை. வாயைக் கட்டிவிட்டு வழக்காடச் சொல்வது விசாரணையாகுமா? பிரஜைகளின் உரிமைக்குச் சம்பந்தமில்லாத ராணுவ இரகசியங்களையும் அவர் கொண்டு சென்றார் என்று 2016-ல் பிரதிநிதி சபைக் கமிட்டி கூறியது கனமான ஆட்சேபமே. ஆனால் மன்னிப்பென்பது மாசற்றவர் என்னும் நற்சாட்சிப் பத்திரமன்று. நன்மை தீமைகளைச் சீர்தூக்கி அளிக்கும் கருணையாகும்.

அக்கருணை அந்நாட்டில் புதிதுமன்று. வாரண்டின்றி வீடு புகுந்து சோதனையிட உத்தரவிட்டதாக 1980-ல் குற்றவாளிகளெனத் தீர்ப்புப் பெற்ற மார்க் பெல்ட், எட்வர்ட் மில்லர் என்ற இரு புலனாய்வு அதிகாரிகளை ஜனாதிபதி ரீகன் 1981-ல் மன்னித்தார். வாரண்டில்லாமல் ஒற்றுக் கேட்க உதவிய டெலிபோன் கம்பெனிகளை வழக்குகளிலிருந்து காக்க 2008-ல் தனிச் சட்டமே பிறந்தது. பயிரை மேய்ந்த வேலிக்கு மன்னிப்பு. மேய்கிறதென்று கூவியவனுக்குத் தண்டனை! இதுவோ குடியரசின் நீதி?

ஸ்நோடனுக்கு அமெரிக்க ஜனாதிபதி மன்னிப்பளிப்பதே முறை. 1917-ம் வருஷத்துச் சட்டத்தையும் காங்கிரஸ் திருத்த வேண்டும். இன்றேல், நாளை வேறொரு அக்கிரமத்தைக் காணும் ஊழியர் வாய் திறவார். அந்த மௌனத்தைச் சர்க்கார் விசுவாசமென்று எண்ணி மகிழலாம், நஷ்டம் பிரஜைகளுடையதே.