பூட்டிய அறையும் லயக் காம்பராவும்

குழுவாகப் பணம் கட்டிப் பூட்டிய அறைக்குள் புகுந்து, புதிர்களை விடுவித்து ஒரு மணி நேரத்தில் வெளியேறும் விளையாட்டுக்கு எஸ்கேப் ரூம் என்று பெயர். 2007இல் ஜப்பானின் கியோத்தோவில் தோன்றிய இது கொழும்புக்கும் வந்துவிட்டது. விடுமுறையில் ஐவர் சென்றோம். புதிர் பாதியில் நின்றது. ஆயினும் நேரம் முடிந்ததும் கதவைத் திறந்துவிட்டார்கள். நல்ல பொழுதுபோக்குத்தான்.

மறுநாள் எல்லவில், இராவணன் சீதையை ஒளித்து வைத்ததாகச் சொல்லப்படும் குகைக்குப் படியேறினோம். லயக் காம்பரா ஒன்றை அப்படியே அமைத்து இங்கே அவ்விளையாட்டை நடத்தினால் கூட்டம் அள்ளும் என்றார் உடன்வந்த இளைஞர். எனக்கு அதில் உடன்பாடில்லை. குகை புராணக் கதை, காட்டிக் காசு பார்க்கலாம். லயத்தில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள்.

எல்லவிலிருந்து வெல்லவாய இறங்கிக் கொஸ்லந்தைப் பக்கம் திரும்பினால் மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலை அங்கே மண்சரிவு லயங்களைப் புதைத்தது. அந்தச் சரிவு அபாயமானது என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் விடுக்கப்பட்டிருந்தது. வெளியேறு என்றார்கள், எங்கே என்று யார் சொன்னார்கள்? தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் உழைத்தவர்களுக்குக் காலடி மண்கூடச் சொந்தமில்லை. உயிர் பிழைத்தவர்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் தங்கிக் காத்திருந்து, 2016இல்தான் வீடு பெற்றார்கள்.

லயத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்போருக்குக் கம்பளைக்கருகே பழைய பீகொக் தோட்டத்தில், பழைய லயம் ஒன்றிலேயே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் அமைந்திருக்கிறது. இளைஞருக்கு வழி சொல்லியிருக்கிறேன்.