ஈரம் கலந்த குப்பை

நகரத்து வீடுகளில் சேரும் குப்பையில் பாதிக்கு மேல் சமையலறையிலிருந்து வருவதுதான். காய்கறித் தோல், முருங்கைக்காய்ச் சக்கை, டீத்தூள், மீன் செதில், மிஞ்சிய சோறு எல்லாமே மண்ணில் மக்கக்கூடியவை. மற்றதில் பெரும்பகுதி பழைய பேப்பர் கடையில் விலை போகும். எதற்கும் உதவாமல் குப்பைக் கிடங்குக்குப் போக வேண்டியது உண்மையில் கொஞ்சம்தான். மக்குவதும் விலை போவதும் ஒரே கூடையில் விழும்போது இரண்டுமே கெடுகின்றன. சாம்பார் ஊறிய அட்டையை யாரும் வாங்குவதில்லை. கண்ணாடிச் சில் கிடக்கும் காய்கறிக் கழிவு உரத்துக்கு ஆகாது.

சென்னையில் இந்தக் கலந்த குப்பை போய்ச் சேரும் இடங்கள் வடக்கே கொடுங்கையூர், தெற்கே பெருங்குடி. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை விழுங்கி வளர்ந்தது. அந்தச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. குப்பை உயர உயர அடியில் காற்று போகாது. காற்றில்லாமல் அழுகும் உணவு மீத்தேனை வெளிவிடும். நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கிடங்குத் தீ நாள்கணக்கில் அணையாமல் புகைய இந்த வாயுவும் ஒரு காரணம். பெருங்குடி 2022 ஏப்ரலில் அப்படி எரிந்தது. ஆபத்து தீ மட்டுமல்ல: கொழும்பு மீதொட்டமுல்லையில் 2017 சித்திரைப் புத்தாண்டு அன்று குப்பைமேடு வீடுகளின் மேல் சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பெருங்குடியில் பழைய குப்பையைத் தோண்டி, சலித்து, மண்ணைத் தனியாகவும் எரியக்கூடியதைத் தனியாகவும் பிரிக்கும் வேலை 2021-இல் தொடங்கியது. சமையலறையில் ஒரு நொடியில் முடிந்திருக்க வேண்டிய வேலையை, பல ஆண்டுகள் கழித்து இயந்திரங்கள் கோடிக்கணக்கான ரூபாய் செலவில் செய்கின்றன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தரும் பொறுப்பை 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டார் மீதே வைத்தன.

மக்கும் குப்பை வீட்டு வாசலைத் தாண்டவே தேவையில்லை. பக்கவாட்டில் துளையிட்ட மண்பானை ஒன்று போதும். அடியில் தேங்காய் நாரோ காய்ந்த சருகோ பரப்பி, அன்றன்றைய கழிவைப் போட்டு, அதன் மேல் மறுபடி ஒரு கை சருகு தூவ வேண்டும். முதல் தடவை கொஞ்சம் புளித்த மோர் தெளித்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் வேலையைத் தொடங்கும். நாற்றம் வந்தால் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள்: சருகு சேர்த்துக் கிளறினால் அடங்கும். வெள்ளைப் புழுக்களைக் கண்டு பலர் பானையையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அவை பெரும்பாலும் ஈயின் புழுக்கள். கழிவைத் தின்று மக்குவதை விரைவாக்குகின்றன. பானை நிறைந்ததும் மூடி வைத்து அடுத்த பானைக்கு மாற வேண்டும். இரண்டு மாத அளவில் உள்ளே இருப்பது கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண்ணின் வாசனையோடு கைக்கு வரும்.

மக்காத குப்பைக்கு ஒரே நிபந்தனை, காய்ந்திருக்க வேண்டும். பால் கவரின் மூலையைத் துண்டாக வெட்டி எறிந்தால் அந்தத் துணுக்கு யார் கையிலும் சிக்காமல் வடிகாலுக்குத்தான் போகும். கவரோடு ஒட்டியிருக்கும்படி பாதி வெட்டி, பாலை ஊற்றி, அலசிக் கொடியில் காயப்போட்டால் முழுசாக விலை போகும். இரும்பும் கண்ணாடியும் எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாதவை. காகிதம் அப்படியல்ல, ஒவ்வொரு சுற்றிலும் அதன் நார் குட்டையாகிறது. சிப்ஸ் பாக்கெட் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய அடுக்குகளால் ஆனது. அதைப் பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாததால் பேப்பர் கடைக்காரர் தொடமாட்டார். இத்தகைய பொருளுக்கு வாங்காமல் இருப்பதைத் தவிர வேறு வழியில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருந்தும் அவை கடைகளில் கிடைக்கத்தான் செய்கின்றன. வீட்டிலிருந்து மஞ்சப்பை கொண்டுபோனால் கவரே உள்ளே வராது.

மூன்றாவது வகை அளவில் சிறியது: பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மாத்திரை, ஊசி. நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் இறுகச் சுற்றிச் சிவப்பு மையால் ஒரு குறி போட்டுத் தனியே தர வேண்டும். உடைந்த கண்ணாடியைத் தடித்த அட்டைக்குள் வைத்துக் கட்டி, கையில் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். பல தெருக்களில் தூய்மைப் பணியாளர்கள் இன்னும் கையுறை இல்லாமல்தான் குப்பையைக் கிளறுகிறார்கள்.