உவரிக் காற்றும் கணினி விளையாட்டும்

இலக்கியம் பேசுகிற இடத்தில் கணினி விளையாட்டைப் பற்றி எவரேனும் வாய் திறந்தால், தமிழ்ச் சூழலில் அவருக்குக் கிடைப்பவை இரண்டே. ஒன்று மௌனம், மற்றொன்று இளக்காரம். பிள்ளைகளின் பொழுதைத் தின்னும் பண்டம், வாசிப்பைக் கெடுக்கும் போதை, துப்பாக்கியும் ரத்தமும் என மூன்று தொடர்களில் வழக்கு முடிக்கப்பட்டுவிடும். ஒரு விளையாட்டையேனும் முழுதாக ஆடிப் பார்த்தபின் வழங்கப்படும் தீர்ப்பா இது? நாவலைப் பிரித்தே பாராமல் விமர்சனம் எழுதுகிறவரை நாம் என்ன பெயரிட்டு அழைப்போமோ, அந்தப் பெயர் இவர்களுக்கும் பொருந்தும்.

எங்கள் வாதம் இதுதான். கடலோர மக்களின் அறிவில் ஒரு பகுதியை அச்சு எவ்வளவு முயன்றாலும் சுமக்க இயலாது. அதைச் சுமக்கவல்ல வடிவம் ஒன்று நம் காலத்தில் உருவாகியிருக்கிறது. அதை ஏளனம் செய்தபடி நாம் கழிக்கிற ஒவ்வோர் ஆண்டும், அந்த அறிவை உடைய முதியவர்கள் உவரி போன்ற ஊர்களில் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

சான்று தொலைவிலிருந்து வருகிறது. 2014 நவம்பரில் 'நெவர் அலோன்' என்ற விளையாட்டு வெளியானது. தாவியும் ஏறியும் புதிர்களை அவிழ்த்தும் முன்னேறுகிற வகையைச் சேர்ந்தது. அலாஸ்காவின் இனுப்பியாட் மக்களின் மொழியில் அதற்கு 'கிசிமா இங்ஙிட்சுனா' என்று பெயர். நான் தனியாக இல்லை என்பது பொருள். நூனா என்ற சிறுமியும் ஒரு வெண்ணிறப் பனிநரியும், ஓயாமல் வீசும் பனிப்புயல் எங்கிருந்து புறப்படுகிறது என்று தேடிப் போகிறார்கள். கதையைச் சொல்லும் முதியவரின் குரல் முழுக்க இனுப்பியாக் மொழியிலேயே ஒலிக்கிறது. மற்றவர்கள் எழுத்தில் படித்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதில் நரி கொஞ்சி மகிழ்வதற்கான பொம்மை அன்று. சிறுமியின் கண்ணுக்குப் புலப்படாத துணை ஆவிகளை நரிதான் புலப்படுத்துகிறது. அவற்றின் மேல் கால் வைத்தே அவள் பள்ளத்தைக் கடக்க வேண்டும். நரியால் முடியாததைச் சிறுமி செய்கிறாள்: கயிற்றில் ஏறுகிறாள், கல் கட்டிய எறிகயிற்றை வீசிப் பனியை உடைக்கிறாள். இருவரில் ஒருவர் மடிந்தாலும் இருவரும் பின்னே போய்த் தொடங்க வேண்டும். மனிதரும் விலங்கும் ஒன்றையொன்று சார்ந்தவை என்று பக்கம் பக்கமாக எழுதலாம். இங்கே அதை எவரும் சொல்வதில்லை. அப்படி நடந்துகொள்ளாவிட்டால் ஓர் அடிகூட நகர முடியாது.

காற்றைப் பாருங்கள். புயல் எதிரே வீசும்போது நூனா தரையோடு பதுங்கிக்கொள்ள வேண்டும்; தவறினால் தூக்கி எறியப்படுவாள். அதே காற்று முதுகுப்புறம் வீசும்போது தாவினால், தன் பலத்தால் எட்ட முடியாத தூரத்தை எட்டுவாள். விளையாடத் தொடங்கிச் சற்று நேரத்தில், எந்த விளக்கமும் இல்லாமல், காற்றின் வருகையைக் காதும் கண்ணும் முன்கூட்டியே உணரத் தொடங்குகின்றன. காற்று வருணனையாக நில்லாமல் வாக்கியத்தின் வினைச்சொல்லாகிவிடுகிறது.

இனி நம் கரைக்கு வருவோம். திருநெல்வேலி மாவட்டத்தின் உவரி, சுயம்புலிங்க சுவாமி கோவிலும் அந்தோணியார் திருத்தலமும் கப்பல் மாதா ஆலயமும் ஒரே மணலில் நிற்கும் ஊர். தமிழ் வாசகருக்கு அது ஜோ டி குருஸ் பிறந்த ஊரும்கூட. 2004இல் வந்த 'ஆழி சூழ் உலகு' ஆமந்துறை என்ற புனைபெயரில் அக்கரையின் வாழ்வை எழுதியது. 2009இல் வந்த 'கொற்கை'க்கு 2013ஆம் ஆண்டின் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. பரதவர் பேச்சு தமிழ் உரைநடைக்குள் அத்தனை விரிவாக நுழைந்தது எளிய சாதனை அல்ல. அதை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் வாசகர் என்ன செய்கிறார்? வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்ற சொற்கள் வரும்போது, காற்றின் பெயர் என்று புரிந்துகொண்டு கடந்துபோகிறார். கதை நின்றுவிடுவதில்லை. எந்தக் காற்றில் பாய் விரிப்பது, எந்தக் காற்றில் கரை திரும்புவது என்று தெரியாமலேயே ஐந்நூறு பக்கங்களைப் படித்து முடித்துக் கண்ணீரும் சிந்திவிடலாம். நெய்தல் நாவலின் பின்னிணைப்பாகச் சொல்லகராதி தருகிறோம். அதுவே நம் தோல்வியின் ஒப்புதல். கடலில் சொல்லுக்குப் பொருள் தெரியாதவன் கரை சேர்வதில்லை. நூலில் எவரும் சேர்ந்துவிடலாம்.

கணியம் என்றொரு கலை தென்கோடிக் கடற்கரையில் உண்டு. கரையில் ஓர் ஆலயக் கோபுரமும் அதன் பின்னே ஒரு பனையும் ஒரே நேர்கோட்டில் தெரியும்படி கட்டுமரத்தை நிறுத்துவார்கள். வேறு திசையில் ஒரு குன்றும் அதன் முன்னே ஒரு மரமும் நேர்கோட்டில் வர வேண்டும். இவ்விரு கோடுகளும் வெட்டும் இடத்தில், நீருக்கடியில், மீன் மேயும் பார் இருக்கும். கருவி கிடையாது, ஏடு கிடையாது. இன்று கட்டுமரத்தின் இடத்தை இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகும், கணியத்தின் இடத்தை ஜி.பி.எஸ். கருவியும் பிடித்துக்கொண்டன. அதில் குறை காண நமக்கு உரிமையில்லை. உயிரைப் பணயம் வைப்பவர்கள் எளிய வழியைத் தேர்வது நியாயமே. ஆனால் மேலே நாங்கள் எழுதிய விளக்கத்தைப் படித்த எவருக்கேனும் கணியம் பார்க்க வந்துவிடுமா? வராது. கோபுரத்தையும் பனையையும் கண்ணெதிரே நகர்த்தி நகர்த்திப் பொருத்திப் பார்த்தால் ஓரளவு வரும். அதைத்தான் புதிர் என்கிறோம். இதைவிடச் சிறந்த புதிரை எந்த விளையாட்டு நிறுவனம் கற்பனை செய்துவிட முடியும்?

இங்கே நம் இலக்கியவாதிகளுக்கு உறைக்க வேண்டிய இன்னொரு செய்தியும் இருக்கிறது. நூனாவின் கதை, ராபர்ட் நாஸ்ருக் கிளீவ்லாந்து என்ற கதைசொல்லி சொன்ன 'குனூக்சாயுக்கா' என்ற கதையிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் காலமாகிவிட்டதால், தயாரிப்பாளர்கள் அவருடைய மகள் மின்னி கிரேயைத் தேடிப் போய் அனுமதி கேட்டார்கள். கதையில் சிறுவன், விளையாட்டில் சிறுமி. அந்த மாற்றமும் அவருக்குத் தெரிந்தே நடந்தது. குக் இன்லெட் பழங்குடி அமைப்பு தானே முதலீடு செய்து இம்முயற்சியைத் தொடங்கியது. ஏறத்தாழ நாற்பது மூத்தோரும் கதைசொல்லிகளும் சமூகத்தினரும் பங்கேற்றார்கள். நம்மிடையே வழக்கம் என்ன? 'நாட்டார் கதை எவருக்கும் சொந்தமில்லை' என்ற வசதியான கொள்கை. கிழவியிடம் கதை கேட்கிறோம், நூலாக்குகிறோம், முகப்பில் நம் பெயர் வருகிறது. கிழவி 'மக்கள்' என்ற பெருங்கடலில் கரைந்துவிடுகிறாள். நாம் கீழானது என்று ஒதுக்கும் வடிவத்தைச் சேர்ந்தவர்கள், உயர்ந்தது என்று நாம் கொண்டாடும் வடிவத்துக்கு அறம் கற்பிக்கிறார்கள்.

அந்த விளையாட்டு குறையற்றதா? இல்லை. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். தனியாக ஆடுகையில், கணினி இயக்கும் துணை தவறான இடத்தில் தாவி மடிந்து எரிச்சலூட்டும். இனுப்பியாட் வாழ்வைப் பற்றிய 24 குறும்படங்கள் விளையாட்டோடு ஒன்றாமல், ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்க்கும்படி தனியே நிற்கின்றன. அதுவும் ஒருவகைப் பின்னிணைப்புதான். ஆயினும் 2015இல் அறிமுகப் படைப்புக்கான பாஃப்டா விருதைப் பெற்றது. குறையுள்ள படைப்பைக் குறையோடு விவாதிப்பதுதான் விமர்சனம். விவாதிக்கவே மறுப்பதற்குப் பெயர் வேறு.

தமிழில் ஆகாது என்பாருக்கும் பதில் வந்துவிட்டது. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட 'வெண்பா', 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை. தாயின் சமையல் ஏட்டில் அழிந்துபோன வரிகளை ஆடுபவர் ஊகித்து நிரப்பினால்தான் இட்லி வேகும். நூனா பெற்ற அதே அறிமுகப் படைப்புக்கான பாஃப்டாவை 2024இல் வெண்பாவும் பெற்றது. இட்லித் தட்டை எப்படி அடுக்குவது என்பது புதிராக முடியுமென்றால், கச்சான் காற்றில் எப்படிக் கரை சேர்வது என்பது ஏன் முடியாது?

எங்கள் அச்சம் வேறு. நாளை எவரேனும் நம் கடற்கரையை விளையாட்டாக்கத்தான் போகிறார்கள். ஒரு சிறுவன், கூடவே துள்ளும் ஒரு நாய்க்குட்டி, பின்னணியில் அலை, ஓரத்தில் ஓர் ஆலயம். நெய்தல் அங்கே திரைச்சீலையாகத் தொங்கும். அப்போது 'எங்கள் பண்பாட்டைச் சிதைத்துவிட்டார்கள்' என்று கண்டனக் கட்டுரை எழுத நம்மில் பலர் வரிசையில் நிற்பார்கள். அந்தக் கட்டுரைகளுக்கு மதிப்பிருக்காது. பொருளும் சொல்லும் தேவைப்பட்ட நாளில் மூக்கைச் சுளித்தவர்களுக்குப் பின்னாளில் புலம்பும் உரிமை கிடையாது.

நாவலாசிரியர்களே, நாட்டாரியல் அறிஞர்களே, கணினிக் கல்லூரிகளில் பயிலும் நெய்தல் நிலத்துப் பிள்ளைகளை நீங்கள் சந்தித்ததுண்டா? பாட்டனின் கணியத்தையும் பேரனின் நிரலையும் ஒரே திண்ணையில் உட்கார வைப்பது இலக்கியப் பணி இல்லையென்றால், வேறு எது இலக்கியப் பணி? தொடங்குவதற்குப் பெருமுதல் வேண்டாம். காற்றின் பெயர்களையும் நீரோட்டத்தின் குணங்களையும் பார்களின் இருப்பிடங்களையும், சொன்னவரின் பெயரோடும் அவருடைய இசைவோடும் பதிவு செய்வதே முதல் படி. அறிந்தவர்கள் இருக்கும்போதே அது நடக்க வேண்டும். காற்று எவருக்காகவும் காத்திருப்பதில்லை என்பதை உவரியில் எந்தச் சிறுவனைக் கேட்டாலும் சொல்வான்.