தாய்வீட்டுப் பதிவேடு

தர்மபுரிப் பக்கம் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கும் நாளில், நான்கைந்து தலைமுறைப் பங்காளிகளை மூச்சுவிடாமல் சொல்லும் பெரியவர்கள் இன்றும் உண்டு. சொல்வது அத்தனையும் ஆண்களின் பெயர். இவர்களைப் பெற்றவள் எந்த ஊர்ப் பெண் என்று கேட்டால் பேச்சு நின்றுவிடுகிறது.

விட்டுப்போன அந்த ஊர், பிறப்புப் பதிவேட்டில் இருக்க வாய்ப்பு உண்டு. குழந்தை எங்கே பிறந்ததோ அந்த ஊரில்தான் பிறப்பைப் பதிவார்கள். தலைப்பிரசவமோ தாய்வீட்டில். மூத்த பிள்ளையின் பதிவை அப்பாவின் ஊரில் தேடிவிட்டு, 'பதிவே இல்லை' என்று திரும்புகிறவர்கள் தேடிய இடம்தான் தவறு.

பழைய பதிவேட்டில் தேதி, ஆணா பெண்ணா, தகப்பன் பெயர், தாய் பெயர் எல்லாம் இருக்கும். குழந்தையின் பெயர் பல வரிகளில் இருக்காது. பெயர் வைப்பதற்கு முன்பே மணியக்காரர் எழுதி முடித்திருப்பார். ஆகவே பாட்டியைப் பாட்டியின் பெயரில் தேடிப் பயனில்லை. கொள்ளுத்தாத்தாவின் பெயரும் ஆண்டும் வேண்டும். "தாது வருஷத்துல பொறந்தவ" என்று வீட்டில் சொன்னால் 1936-37 ஏட்டைப் பார்க்கலாம்.

மாவட்ட எல்லையும் நகர்ந்திருக்கிறது. பென்னாகரத்தில் வாழ்க்கைப்பட்டவளுக்குத் தாய்வீடு ஊத்தங்கரை என்று வைத்துக்கொள்வோம். 1965 அக்டோபர் 2 வரை இரண்டும் சேலம் மாவட்டம், பிறகு தர்மபுரி, 2004-ல் ஊத்தங்கரை கிருஷ்ணகிரியோடு போய்விட்டது.

சென்னை மாகாணத்தில் பிறப்பு, இறப்புப் பதிவுக்கு 1899-லேயே சட்டம் வந்தது. இன்று நடப்பில் உள்ள 1969-ம் ஆண்டுச் சட்டத்தின் 17-வது பிரிவு, பதிவேட்டில் தேடச்சொல்லி நகல் கேட்கும் உரிமையை யாருக்கும் தருகிறது. இறப்பின் காரணத்தை மட்டும் நகலில் காட்டக்கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் தேட ஊரும் ஆண்டும் தெரிந்திருக்க வேண்டும். அம்மா வழியைத் தேடுகிறவருக்குத் தெரியாததே அந்த ஊர்தான்.

கடல் கடந்து போனவர்களின் கதை வேறு. 1860 முதல் 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய ஒன்றரை லட்சம் பேரின் பட்டியலில் தகப்பன் பெயரும் சொந்த ஊரும் உண்டு. அந்தப் பட்டியல் கணினியில் ஏறிவிட்டதால், அங்கே பிறந்த கொள்ளுப்பேரன் பெயரைத் தட்டி ஊரைக் கண்டுபிடிக்கிறான். ஊரைவிட்டுப் போகாதவர்களின் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை.

தாள் பொடிந்துபோவதற்குள் பழைய ஏடுகளைப் படமெடுத்து, பெற்றோர் பெயரைக் கொண்டே தேடும்படி அரசு அட்டவணை செய்ய வேண்டும். அப்போது தகப்பன் பெயரோடு நிறுத்திவிடாமல், பக்கத்திலேயே இருக்கும் தாயின் பெயரையும் ஒரு வரி விடாமல் ஏற்ற வேண்டும்.