தீர்ப்புக்கு முன் அறிகுறி: பழைய கார்களின் கிளட்ச், கியர்க் கோளாறுகள்

கொச்சி நகருக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகளுக்கு இடையே அமைந்துள்ள தீவு ஏலூர். 1943-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘பாக்ட்’ நிறுவனத்தின் உரத் தொழிற்சாலை 1947-இல் இங்கு உற்பத்தியை ஆரம்பித்ததிலிருந்து ஏலூர் ஒரு தொழில் நகரமாக வளர்ந்துவந்துள்ளது. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பெரியாறு கரைபுரண்டபோது இத்தீவிலும் வெள்ளம் புகுந்தது. இத்தகைய வெள்ளத்தில் சில நாட்கள் நின்ற பழைய அம்பாசடர் கார் ஒன்றை எண்ணிக்கொள்வோம். நீர் வடிந்தபின் எண்ணெய்கள் மாற்றப்படுகின்றன, எஞ்சின் ஓடுகிறது. ஆனால் கியர் விழ மறுக்கிறது; வலிந்து தள்ளினால் பற்கள் அரைபடும் ஓசை எழுகிறது. உரிமையாளர், “கியர் பெட்டி போய்விட்டது” என்கிறார். பட்டறையில் கியர் பெட்டி இறக்கப்படுகிறது. அதில் ஒரு குறையும் இல்லை. கோளாறு கிளட்ச் தட்டில் இருந்தது. அது துருவினால் பிளைவீலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

இவ்வளவு வேலையும் செலவும் ஒரு நிமிடச் சோதனையால் தவிர்க்கப்பட்டிருக்கக் கூடும். எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்திருந்தால் அவையனைத்தும் எளிதில் விழுந்திருக்கும். எஞ்சின் நின்றிருக்கும்போது விழும் கியர், எஞ்சின் ஓடும்போது விழவில்லையென்றால், குற்றம் பெரும்பாலும் கியர் பெட்டியினுடையதன்று. முழுமையாக விடுபடாத கிளட்சினுடையது. கோளாறு தோன்றும் இடம் வேறு, அது பிறக்கும் இடம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

அம்பாசடர் கார் 1957 முதல் 2014 வரை மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரிக்கப்பட்டது. பம்பாயில் தயாரான பிரீமியர் பத்மினி, சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையும் இந்நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் ஓடியவை. 15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. ஆயினும் தனியாரிடத்தும், தொழிற்பயிற்சி நிலையங்களின் பட்டறைகளிலும் இவ்வகைக் கார்கள் இன்னும் காணப்படுகின்றன. இவற்றுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது வரவர அரிதாகி வருகிறது. தேவையின்றி ஒரு பாகத்தைக் கழற்றி உடைத்துவிட்டால் அதற்கு மாற்றுத் தேட மாதங்கள் ஆகலாம். ஆகவே, கழற்றுவதற்கு முன் ஆராய்வது பழைய வண்டியைப் பொறுத்தமட்டில் இன்றியமையாத கடமையாகிறது.

கிளட்சின் தொழில்

எஞ்சினின் சுழற்சியைக் கியர் பெட்டிக்குக் கொண்டுசெல்வதும், வேண்டியபோது அதைத் துண்டிப்பதும் கிளட்சின் தொழில். எஞ்சினோடு சுழலும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையே, இருபுறமும் உராய்வுப் பட்டை பதித்த ஒரு தட்டு இருக்கிறது. வில்சுருள்களின் அழுத்தத்தால் மூன்றும் ஒன்றாகச் சுழல்கின்றன. ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது அவ்வழுத்தம் நீங்கித் தட்டு விடுபடுகிறது. மிதியின் அசைவைக் கிளட்சுக்குக் கொண்டுசெல்வது சில வண்டிகளில் இரும்புக் கம்பி, சிலவற்றில் கேபிள், வேறு சிலவற்றில் குழாய்வழிச் செல்லும் திரவம். தம் வண்டியில் இவற்றுள் எது உள்ளது என்பதை ஓட்டுநர் முதலில் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்வமைப்பு இரண்டு வகையில் தவறக்கூடும். பிடிக்க வேண்டியபோது பிடிக்காமல் நழுவலாம். விட வேண்டியபோது விடாமல் ஒட்டலாம். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை; காரணங்களும் வேறு. எனினும் நடைமுறையில் இரண்டுக்கும் “கிளட்ச் கெட்டுவிட்டது” என்ற ஒரே சொற்றொடரே வழங்குகிறது. குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

நழுவும் கிளட்சை அறிவது எளிது. சமமான, போக்குவரத்தற்ற சாலையில் மேல் கியரில் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் செல்லும்போது ஆக்சிலேட்டரை நன்கு அழுத்துக. எஞ்சினின் ஓசை உயர்ந்தும் வண்டியின் வேகம் அதற்கேற்ப உயரவில்லையெனில் கிளட்ச் நழுவுகிறது. உராய்வுப் பட்டை தேய்ந்திருக்கலாம், வில்சுருள் தளர்ந்திருக்கலாம், எஞ்சினின் பின்புறத்திலிருந்து கசியும் எண்ணெய் தட்டின்மேல் படிந்திருக்கலாம். இவை மூன்றுக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியது ஒன்றுண்டு: மிதியின் தொடக்கத்தில் இருக்க வேண்டிய வெற்றசைவு. அது இல்லாத வண்டியில், ஓட்டுநர் காலை எடுத்த பின்னும் கிளட்ச் சிறிது அழுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். வெற்றசைவின் அளவு வண்டிக்கு வண்டி மாறுபடும். கையேட்டைப் பார்த்துச் சரிசெய்தல் வேண்டும். இதற்கு ஒரு ஸ்பானரும் சில நிமிடங்களுமே போதும்.

விடாத கிளட்சை அறியும் முதற் சோதனை மேலே கூறப்பட்டது. அதை உறுதிசெய்ய மற்றொன்றும் உண்டு. எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, மிதியை முற்றும் அழுத்தி, சில விநாடிகள் பொறுத்து ரிவர்ஸ் கியரைப் போடுக. கிளட்ச் நன்கு விடுபட்டிருந்தால் அதற்குள் கியர் பெட்டியின் முன் தண்டு சுழல்வது நின்றிருக்கும். கியர் ஓசையின்றி விழும். அப்போதும் அரைபட்டால் கிளட்ச் விடவில்லை என்று கொள்ளலாம். மிதியை இரண்டு மூன்று முறை விரைந்து அழுத்தியபின் கியர் சரியாக விழுமானால், திரவக் குழாயில் காற்று புகுந்திருக்கலாம், அல்லது சிலிண்டரின் ரப்பர் வளையம் தேய்ந்திருக்கலாம். இதற்கும் கியர் பெட்டியை இறக்க வேண்டியதில்லை.

ஓசையும் வழிகாட்டியே. கியர் எதிலும் இல்லாமல் எஞ்சின் ஓடும்போது, மிதியை அழுத்தியதும் பிறக்கும் இரைச்சல் ரிலீஸ் பேரிங்கைச் சுட்டுகிறது. மிதியை அழுத்தியதும் அடங்கி, விட்டதும் மீளும் இரைச்சல் கியர் பெட்டியின் முன் தண்டுப் பேரிங்கைச் சுட்டுகிறது. வண்டி புறப்படும்போது உடல் முழுதும் அதிர்ந்தால் தட்டில் எண்ணெய் படிந்துள்ளதா என்பதோடு, எஞ்சினைத் தாங்கும் ரப்பர்கள் நைந்துள்ளனவா என்பதையும் காண வேண்டும்.

கியர் லீவரின் குற்றம்

எஞ்சின் நின்றிருக்கும்போதும் கியர் விழவில்லையென்றால் கிளட்சை விட்டுவிட்டு லீவரின் பக்கம் திரும்ப வேண்டும். பழைய அம்பாசடரிலும் பத்மினியிலும் கியர் லீவர் ஸ்டியரிங் தண்டின் அருகே அமைந்தது. அங்கிருந்து கியர் பெட்டிவரை கையின் அசைவைப் பல கம்பிகளும் மூட்டுகளும் புஷ்களும் கடத்துகின்றன. ஒவ்வொரு மூட்டிலும் ஏற்படும் தேய்வு சிறிதே. ஆயினும் எல்லாம் சேரும்போது லீவர் தன் எல்லைக்கு வந்தபின்னும் கியர் பெட்டியின் உள்ளே பற்சக்கரம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

இதைக் கண்ணால் காண இருவர் வேண்டும். எஞ்சினை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்தபின், ஒருவர் உள்ளே அமர்ந்து லீவரை அசைக்கட்டும். மற்றவர் கியர் பெட்டியின் பக்கத்திலுள்ள சிறு கைகளைக் கவனிக்கட்டும். லீவர் அசைந்தும் அக்கைகள் அசையாத தூரமே கம்பிகளில் சேர்ந்துள்ள தேய்வின் அளவு. கம்பியைக் கழற்றிவிட்டு அச்சிறு கையை நேரே கையால் தள்ளும்போது கியர் முழுமையாக விழுமானால் கியர் பெட்டி குற்றமற்றது; புஷ்களை மாற்றிக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்தல் போதும். ஓட்டத்தில் கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வருவதற்கும் இத்தேய்வு காரணமாகலாம். அல்லது கியரை நிலைநிறுத்தும் குண்டும் வில்சுருளும் தளர்ந்திருக்கலாம்.

எல்லாக் கியர்களும் அரைபட்டால் கிளட்சை ஐயுற வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் அரைபட்டால் அக்கியரின் சிங்க்ரோமெஷ் வளையத்தை ஐயுற வேண்டும். 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் முதன்முதலாக இடம்பெற்ற இவ்வமைப்பு, இணையப்போகும் பகுதிகளின் வேகத்தை முதலில் சமமாக்கிப் பின் இணைக்கிறது. அக்காலக் கார்கள் பலவற்றில் முதல் கியருக்கு இது இல்லை. அவற்றை ஓடும்போதே முதல் கியருக்கு மாற்றினால் அரைபடுவது வண்டியின் இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ணிப் பழுதுபார்ப்பது வீண்.

குறிப்பேட்டில் எழுத வேண்டியது

மேற்கூறியவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி தேவையில்லை. எனினும் இச்சோதனைகள் அடிக்கடி செய்யப்படாமல் போவதேன்? கோளாற்றை முதலில் காண்பவர் ஓட்டுநர். அவர் கண்டதைச் சொல்லாமல் தாம் முடிவுசெய்ததைச் சொல்கிறார். வண்டிக் குறிப்பேட்டில் “கிளட்ச் பழுது” என்று இரண்டு சொற்கள் எழுதப்படுகின்றன. அது ஒரு தீர்ப்பு. சாட்சியம் அதில் இல்லை. பட்டறை ஊழியர் அத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டு பாகத்தைக் கழற்றத் தொடங்குகிறார்.

அதற்குப் பதிலாகக் குறிப்பேட்டில் இவ்வாறு எழுதப்பட்டிருந்தால் எப்படி? “காலையில் ரிவர்ஸ் போடும்போது அரைபடுகிறது. எஞ்சினை நிறுத்தினால் எல்லாக் கியர்களும் விழுகின்றன. மிதியை மூன்று முறை அழுத்தியபின் ஓசையில்லை.” இம்மூன்று வாக்கியங்களைப் படிக்கும் தொழிலாளி முதலில் திரவத்தின் அளவையே பார்ப்பார். நோய் நாடலின் பெரும்பகுதி அவர் கையில் ஸ்பானரை எடுக்குமுன்பே முடிந்துவிடுகிறது. எப்போது, எந்தக் கியரில், எஞ்சின் ஓடும்போதா நின்றபோதா, மிதி மேலேயா கீழேயா என்ற நான்கு வினாக்களுக்கு விடை எழுதுவதை ஒவ்வொரு கள ஊழியரும் வழக்கமாகக் கொள்ளல் வேண்டும்.

அனுபவமுள்ள மெக்கானிக்குக்குக் காதே போதும், எழுத்து எதற்கு என்று சிலர் கூறக்கூடும். அத்தகைய காதுக்கு உரிய மதிப்பைத் தரவே வேண்டும். ஆனால் கோளாறு தோன்றும் விடியற்காலையில் அவர் வண்டியில் இருப்பதில்லை. வண்டி பட்டறைக்கு வரும் நண்பகலில் அவ்வோசை எழாமலும் போகலாம். மற்றும் சிலர், கியர் பெட்டியை இறக்கினால் தட்டு, பேரிங் எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிவிடலாமே என்பர். இறக்க வேண்டியது உறுதியான பின் அவ்வாறு செய்வது சிக்கனமே. இறக்க வேண்டுமா என்ற வினாவுக்கு அது விடையாகாது.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பொறுத்தவரை ஒரு விதியை மறத்தலாகாது. கியர் பெட்டியின் எண்ணெயைப் பார்க்காமல் வண்டியை ஓட்டக் கூடாது. எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது. அதை வடித்துப் புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும். துருவால் ஒட்டிய தட்டை விடுவிக்க, மிதியை மரக்கட்டையால் அழுத்திய நிலையில் ஓரிரவு வைத்திருந்து பார்க்கலாம்; சில வேளை அதுவே பலன் தரும்.

இறுதியாக, உயிர் சம்பந்தமான எச்சரிக்கைகள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் செல்லலாகாது. உறுதியான தாங்கிகள் வேண்டும். மூடிய கொட்டகையில் எஞ்சினை ஓட்டிச் சோதிக்கலாகாது. பழைய கிளட்ச் பட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்க வல்லது. கிளட்ச் உறைக்குள் படிந்துள்ள தூசியைக் காற்றுக் குழாயால் ஊதி அகற்றும் வழக்கம் இன்றும் பல பட்டறைகளில் காணப்படுகிறது. அதை அறவே நிறுத்த வேண்டும். முகத்தைத் தக்க மூடியால் காத்துக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை உறையிலிட்டுக் கட்டி அகற்றுதலே முறை.

ஆசிரியர்களுக்கு இப்பொருள் ஒரு நல்ல பாடமாகப் பயன்படும். உராய்வு பற்றிப் பாடப் புத்தகம் கூறுவதை, ஒரு துளி எண்ணெயால் பிடிமானம் இழக்கும் கிளட்ச் தட்டு கண்முன் காட்டுகிறது. பட்டறையில் பழைய வண்டி இருக்குமாயின், ஆசிரியர் வேண்டுமென்றே மிதியின் வெற்றசைவைக் கூட்டிவைத்து, விளைவை மாணவர்கள் எழுதுமாறு செய்யலாம். எந்த மாணவரும் முதல் நாளில் காரணத்தைக் கூறலாகாது. கண்டதை மட்டுமே எழுத வேண்டும். மறுநாள் அக்குறிப்புகளிலிருந்து ஒவ்வொரு பாகமாக ஐயத்தினின்று விலக்கிக் காரணத்தை அடையலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி விளைவைக் காண்பது ஆராய்ச்சிக்கூடத்தின் விதி. அது ஏலூரின் தொழிற்சாலைகளுக்கும் பொருந்தும், சாலையோரப் பட்டறைக்கும் பொருந்தும். அம்பாசடர் கார்கள் நாளடைவில் மறைந்துபோகலாம். அவற்றின் மீது கற்ற இவ்வொழுங்கு அடுத்து வரும் எந்த யந்திரத்துக்கும் உதவும்.