ஒன்றுக்கு இரண்டாக

குழந்தையின் போட்டோக்களெல்லாம் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கின்றன என்கிறீர்களா, சகோதரிகளே? பிரதி எத்தனை?

1998-ல் அமெரிக்காவில் 'டாய் ஸ்டோரி 2' தயாராகிக் கொண்டிருந்தபோது, தவறிக் கொடுத்த ஓர் உத்தரவால் படத்தின் பெரும்பகுதி அழிந்து போயிற்று. பிரதி டேப்பும் சரியாகப் பதிவாகியிருக்கவில்லை! காப்பாற்றியது கேலின் சுஸ்மன் என்ற பெண்மணியின் வீட்டுக் கம்ப்யூட்டர். கைக்குழந்தைக்காக வீட்டிலிருந்தே வேலை செய்தவர் அவர். அதைக் கம்பளியில் சுற்றிக் காரில் கொண்டு போனார்களாம்.

என்னிடம் இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று பீரோவில், மற்றது அக்கா வீட்டில். பிரதி எடுத்ததும் நாலு படங்களைத் திறந்து பார்த்துவிட்டுக் கழற்றி விடுவேன். செருகியே வைத்தால் வைரஸ் அதிலும் புகுந்துவிடும். மாதம் ஒரு முறை இதை அங்கே, அதை இங்கே மாற்றுகிறோம்.

அக்கா வீட்டுக் காப்பிக்கும் ஒரு சாக்கு!